வைரஸ் யாருக்குச் சொந்தம்? இந்தோனேசியாவின் பறவைக் காய்ச்சல் ஆண்டுகள்

2003ஆம் ஆண்டின் பிற்பாதியில் மத்திய ஜாவாவின் பெக்கலோங்கான் வட்டாரத்துப் பண்ணைகளில் கோழிகள் கொத்துக்கொத்தாக மடிந்தன. ‘தெத்தெலோ’ என்றார்கள் அதிகாரிகள். நம் கிராமங்களில் வெள்ளைக்கழிச்சல் என்றும், கால்நடை மருத்துவர்கள் ராணிக்கெட் என்றும் கூறும் நோய்க்கு இந்தோனேசியாவில் வழங்கும் பெயர் அது. கோழி வளர்ப்போர் அனைவரும் அறிந்த பழைய நோய். சந்தையில் விலை விழாதிருக்கவும் அந்தப் பெயரே வசதியாக இருந்தது. வந்திருப்பது எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் என்பதை ஜகார்த்தா அரசு வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 2004 ஜனவரி 25 அன்றுதான். அதற்குள் நோய் ஜாவா முழுவதும் பரவி, பாலிக்கும் சென்றிருந்தது.

பெயரை மாற்றிச் சொன்ன அந்தச் சில மாதங்களின் விலையை இந்தோனேசியா அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் செலுத்தியது. 2005 முதல் 2017 வரை அந்நாட்டில் 200 பேருக்கு இந்நோய் உறுதிசெய்யப்பட்டது. அவர்களுள் 168 பேர் மாண்டனர். எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சலுக்கு இத்தனை உயிர்களைக் கொடுத்த நாடு உலகில் வேறில்லை. எகிப்தில் 359 பேருக்குத் தொற்றியும் இறந்தோர் 120 பேரே. ஆனால் இந்தோனேசியாவின் கதை இறப்புக் கணக்கோடு முடிவதில்லை. உலகிலேயே முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் அந்நாடு, நோயின் நடுவே நின்றுகொண்டு உலகத்தை நோக்கி ஒரு வினா எழுப்பியது. அவ்வினாவுக்கு இன்றளவும் முழு விடை கிடைக்கவில்லை.

முதலில் நோயின் வரலாற்றைச் சற்றே பார்ப்போம். எச்5என்1இன் மூதாதை வைரஸ் 1996இல் சீனாவின் குவாங்டொங் மாகாணத்தில் ஒரு வாத்தினத்துப் பறவையில் கண்டறியப்பட்டது. மறுவருடம் மே மாதம் ஹாங்காங்கில் மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அதனால் இறந்தான். அவ்வாண்டு முடிவதற்குள் அங்கே 18 பேருக்குத் தொற்றி ஆறு பேர் இறந்தனர். டிசம்பர் இறுதியில் சில நாள்களுக்குள் நகரத்திலிருந்த கோழிகள் அனைத்தும், ஏறத்தாழ 13 லட்சத்துக்கு மேல், கொன்று புதைக்கப்பட்டன. மனிதரிடையே நோய் நின்றது. அன்று அந்நகரின் சுகாதார இயக்குநராக இருந்தவர் மார்கரெட் சான். இந்தப் பெயர் பின்னர் மீண்டும் வரும்.

ஹாங்காங்கால் முடிந்தது இந்தோனேசியாவால் ஏன் முடியவில்லை என்று பலர் கேட்டனர். கேட்டவர்கள் ஜாவாவின் கிராமத்தைப் பார்த்திராதவர்கள். ஹாங்காங் ஒரு நகரம். கோழிகள் பெரும்பாலும் பண்ணையிலும் சந்தையிலுமே இருந்தன. இந்தோனேசியாவிலோ மூன்று கோடி அளவிலான வீடுகளின் கொல்லையில் கோழி மேய்ந்தது. ‘அயாம் கம்போங்’ என்பது நம் நாட்டுக்கோழிதான். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும், விருந்தாளி வந்த நாளின் குழம்புக்கும், பெருநாள் செலவுக்கும் அதுவே கையிருப்பு. வங்கிக் கணக்கு இல்லாத குடும்பத்துக்கு அதுவே வங்கிக் கணக்கு. இதற்கு மேல் ஜாவாவின் பழைய மரபில் ஓர் ஆண்மகனின் வாழ்வு நிறைவுற ஐந்து வேண்டும் என்பர்: வீடு, மனைவி, குதிரை, கிரிஸ் என்னும் குத்துவாள், பாடும் பறவை. பறவை அங்கே வெறும் கால்நடையன்று, கௌரவம்.

இன்னொரு காரணம் அரசமைப்பில் இருந்தது. சுஹார்த்தோவின் முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சி 1998இல் வீழ்ந்தபின், மையத்தில் குவிந்திருந்த அதிகாரம் 2001 முதல் மாவட்டங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மக்களாட்சிக்கு அது நல்ல செய்தி. கால்நடைத் துறைக்கு அது பேரிடி. ஜகார்த்தாவிலிருந்த வேளாண் அமைச்சகம் ஆணையிட்டால் மாவட்டக் கால்நடை மருத்துவர் கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் இல்லாமற்போயிற்று. அவருக்குச் சம்பளம் தருவது மாவட்ட ஆட்சி. கோழி செத்தால் மேலே தெரிவிக்க வேண்டும் என்ற சங்கிலியே அறுந்துபோயிருந்தது. கிடங்கில் மருந்து இருக்கிறதா என்று எண்ணிப்பார்ப்பது எளிது. ஒரு கிராமத்துச் செய்தி எத்தனை நாளில் தலைநகரை எட்டும் என்பதை எண்ணிப்பார்ப்போர் குறைவு.

இவ்வளவுக்கும் நடுவே 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை ஆச்சேயை அழித்தது. அங்கே மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் சுகாதாரத் துறை முழுவதும் அப்பக்கம் திரும்பியிருந்தது. அப்போது சுகாதார அமைச்சராகப் பொறுப்பேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தவர் சித்தி ஃபாதிலா சுபாரி. அதிபர் சுசிலோ பம்பாங் யுதோயோனோ தேர்ந்தெடுத்த இதய மருத்துவர்.

2005 ஜூலையில் தலைநகரை ஒட்டிய தங்கேராங்கில் ஒரு தந்தையும் அவருடைய இரு மகள்களும் அடுத்தடுத்து இறந்தனர். அவர்கள் கோழி வளர்த்தவர்கள் அல்லர். நோய் எங்கிருந்து தொற்றியது என்பது உறுதியாகவில்லை. இந்தோனேசியாவின் முதல் மனிதத் தொற்று அதுவே. அரசு அவ்வாண்டு இறுதியில் மூன்றாண்டுத் தேசியத் திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2006 மார்ச்சில் அதிபரின் ஆணையால் தேசியக் குழு ஒன்று அமைந்தது. பாயு கிருஷ்ணமூர்த்தி அதன் செயல்தலைவரானார். நாடெங்கும் முதலில் 44 மருத்துவமனைகள் பறவைக் காய்ச்சலுக்கெனக் குறிக்கப்பட்டன. ஓசல்டமிவிர் மாத்திரை வட்டாரச் சுகாதார நிலையங்கள் வரை அனுப்பப்பட்டது.

தாளில் இவை யாவும் சரியாக இருந்தன. ஆனால் ஓசல்டமிவிர் நோய் தொடங்கிய இரண்டு நாள்களுக்குள் கொடுத்தால்தான் நன்கு பயன் தரும். கிராமத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் கைவைத்தியம். பிறகு பக்கத்துச் செவிலியர். பிறகு டெங்குவோ டைபாய்டோ என்ற ஐயம். மூச்சு முட்டும்போதுதான் பெரிய மருத்துவமனை. அதற்குள் ஐந்தாறு நாள்கள் ஓடிவிடும். நூறில் எண்பத்து நான்கு பேர் இறந்ததன் காரணத்தைத் தேடுவோர் இந்த நாள்களில்தான் தேட வேண்டும். எகிப்தில் பல நோயாளிகள், குறிப்பாகக் குழந்தைகள், விரைவிலேயே மருத்துவமனை சேர்ந்ததால் பிழைத்தனர்.

திட்டத்தின் உண்மையான சோதனை 2006 மே மாதம் வந்தது. வடக்குச் சுமாத்ராவின் காரோ மாவட்டத்தில் குபு செம்பிலாங் என்னும் மலைக்கிராமம். சந்தையில் மிளகாய் விற்றுவந்த பெண் ஒருவர் ஏப்ரல் இறுதியில் நோயுற்றார். அவரது கடைக்கு அருகிலேயே உயிர்க்கோழிகள் விற்கப்பட்டன. குடும்பத்தார் ஒன்றுகூடிய நாளில் அவர் இருமிக்கொண்டிருந்தார். உறவினர் பலர் அவரோடு ஒரே சிற்றறையில் உறங்கினர். மே 4 அன்று அவர் இறந்தார். மாதிரி எதுவும் எடுக்கப்படாமலே அடக்கம் செய்யப்பட்டார். அடுத்த மூன்று வாரங்களுக்குள் அவருடைய பிள்ளைகள், சகோதரர், சகோதரி, அவர்தம் பிள்ளைகள் என எழுவருக்கு நோய் உறுதியாயிற்று. எட்டுப் பேரில் பிழைத்தவர் ஒருவரே.

பத்து வயது மகனுக்கு அருகிலிருந்து பணிவிடை செய்த தந்தைக்கு மகனிடமிருந்தே நோய் தொற்றியது என்பதை மரபணு ஆய்வு காட்டிற்று. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவும் தொடர் இவ்வளவு தெளிவாகக் காணப்பட்டது அதுவே முதல்முறை. உலகம் நடுங்கியது. ஆனால் அந்தத் தந்தை மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடினார் என்ற செய்தியே என்னை நெடுநேரம் நிறுத்தியது. மகன் போய்விட்டான், தங்கையும் போய்விட்டாள், மருத்துவமனைக்குள் சென்ற உறவினர் எவரும் நடந்து வெளியே வரவில்லை. உடல் முழுவதும் மூடிய அயலார் வந்து ரத்தம் எடுக்கிறார்கள், மாத்திரை விழுங்கச் சொல்கிறார்கள், காரணம் சொல்வதில்லை. அவர் ஏன் நம்ப வேண்டும்? ஊரார் பலரும் இது நோயன்று, சூனியம் என்றே கருதினர். தேசியத் திட்டத்தின் பக்கங்களில் இதற்கான பத்தி இல்லை. எனினும் நெருங்கிய தொடர்பிலிருந்த 54 பேர் வீட்டிலேயே தனித்திருக்க இசைந்தனர். குடும்பத்துக்கு வெளியே ஒருவருக்கும் நோய் பரவவில்லை. அம்மாதம் 27ஆம் நாள் யோக்யகர்த்தாவில் நிலநடுக்கம் ஏற்பட்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதும் இதே அரசு தாங்க வேண்டிய சுமையாயிற்று.

அதன்பின் மக்களை நோக்கிய பணி விரைவடைந்தது. உணவு மற்றும் வேளாண்மை அமைப்பின் துணையுடன், வீடுவீடாகச் சென்று கோழிச் சாவை விசாரிக்கும் குழுக்கள் உருவாயின; சில ஆண்டுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்பணியில் இருந்தனர். கொல்லவும் ஈட்டுத்தொகை கொடுக்கவும் பணம் போதாமையால், கோழிகளுக்குத் தடுப்பூசி போடும் வழியையே அரசு பெரிதும் நம்பியது. 2007 ஜனவரியில் ஜகார்த்தாவின் ஆளுநர் சுத்தியோசோ குடியிருப்புகளில் கோழி, வாத்து வளர்ப்பதைத் தடைசெய்தார். பாடும் பறவைகளுக்கு மட்டும் சுகாதாரச் சான்றிதழுடன் விலக்கு அளிக்கப்பட்டது. ஏழையின் கோழிக்குத் தடை, செல்வரின் புறாவுக்குச் சான்றிதழ் என்று முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

1912இல் தோன்றிய முஹம்மதியாவும் 1926இல் தோன்றிய நஹ்தத்துல் உலமாவும் தம் கிளைகளையும் தொண்டர்களையும் இப்பணிக்குத் தந்தன. அரசு அலுவலரின் சொல்லுக்குத் திறக்காத கதவு பள்ளிவாசலில் அறிமுகமான முகத்துக்குத் திறக்கும். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களோடு சேர்க்கலாகாது என்னும் பொருள்பட நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய ஹதீஸை அறிந்த ஒரு சமுதாயத்திடம், செத்த கோழிக்கு அருகில் உயிருள்ள கோழியை விடாதீர்கள் என்று சொல்வதற்கு நீண்ட முன்னுரை தேவையில்லை.

இனி அந்த வினாவுக்கு வருவோம்.

1952 முதல் உலகில் ஓர் ஏற்பாடு இருந்துவருகிறது. ஒவ்வொரு நாடும் தன் நோயாளிகளிடம் எடுத்த இன்ஃபுளுவென்சா வைரஸ் மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மையங்களுக்குக் கட்டணமின்றி அனுப்பும். அன்று அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ நகரங்களில் அம்மையங்கள் இருந்தன. அங்கே மாதிரி ஆராயப்பட்டு, தடுப்பூசிக்கான வித்து உருவாக்கப்பட்டு, உற்பத்தி நிறுவனங்களுக்கு வழங்கப்படும். நிறுவனங்கள் தடுப்பூசி செய்து விற்கும். வாங்க வல்லவர் வாங்குவர். 2006இல் உலகம் முழுவதிலும் ஓராண்டில் செய்ய முடிந்த பருவகால இன்ஃபுளுவென்சா தடுப்பூசி ஏறத்தாழ 35 கோடி டோஸ்; உலக மக்களோ 650 கோடி. பெருந்தொற்று வந்தால் யார் வரிசையின் முன்னே நிற்பார், யார் பின்னே நிற்பார் என்பதைக் கணக்கிட வல்லுநர் வேண்டியதில்லை.

2006 இறுதியில், இந்தோனேசியா அனுப்பிய வைரஸைக் கொண்டு ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி உருவாக்கியிருப்பது ஜகார்த்தாவுக்குத் தெரியவந்தது. எவரும் அனுமதி கேட்கவில்லை. தன் மக்களின் உடலிலிருந்து எடுத்த வைரஸில் செய்த தடுப்பூசியை அந்நாடு சந்தை விலைக்கே வாங்க வேண்டியிருக்கும். சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். 1992இன் உயிர்ப்பன்மை உடன்படிக்கை ஒரு நாட்டின் உயிர்வளத்தின்மீது அந்நாட்டுக்கே இறைமை உண்டு என்கிறது. செடிக்கும் விதைக்கும் பொருந்துவது வைரஸுக்குப் பொருந்தாதா என்பது அவரது வாதம்.

மேலைநாடுகளில் கடுஞ்சினம் மூண்டது. உலகம் முழுவதையும் பணயமாக வைக்கிறார் என்றனர். அமெரிக்க இராஜதந்திரி ரிச்சர்ட் ஹோல்புரூக்கும் எழுத்தாளர் லாரி காரெட்டும் 2008 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் இந்த ‘வைரஸ் இறைமை’யைக் கண்டித்து எழுதினர். அதற்குள் மார்கரெட் சான் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநராகியிருந்தார். ஹாங்காங்கில் கோழிகளை அழிக்க ஆணையிட்டவர் இப்போது ஜகார்த்தாவோடு பேரம் பேச வேண்டியிருந்தது. 2007 மார்ச்சில் ஜகார்த்தாவில் உயர்நிலைக் கூட்டம். மே மாதம் உலக சுகாதாரப் பேரவையில், பகிர்வு முறையைத் திருத்த வேண்டும் என்ற தீர்மானம். கதவு சிறிதே திறந்தது.

சுபாரியை வீரப் பெண்மணியாக மட்டும் வரைவது எளிது. அவருடைய நாட்டில் பலர் அப்படித்தான் வரைந்தனர். அது முழு உண்மையன்று. மாதிரிகளை நிறுத்தியதோடு அவர் நிற்கவில்லை. 2008 ஜூனில், ஒவ்வோர் இறப்பையும் உடனுக்குடன் அறிவிப்பதும் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த அவருடைய நூலில், வைரஸ் விவரங்கள் அணுகுண்டு செய்த லாஸ் அலாமோஸ் ஆய்வகத்துக்குச் செல்வதைச் சுட்டி, உயிரியல் ஆயுதம் செய்யப்படலாம் என்ற ஐயத்தையும் எழுப்பினார். மரபணுத் தரவுத்தளம் ஒன்று அங்கே சிலருக்கு மட்டுமே திறக்கும்படி இருந்தது உண்மை. ஆயுதம் என்பதற்குச் சான்று இல்லை. நியாயமான வழக்கு ஒன்றைச் சான்றில்லாத ஐயத்தோடு கலந்தது வழக்குக்கே தீங்காயிற்று. மாதிரியை மறுப்பது பேரம். இறப்பை மறைப்பது தன் மக்களுக்கே இழைக்கும் அநீதி. இரண்டையும் ஒன்றாகக் கருத என்னால் இயலவில்லை.

ஆயினும் அவர் கேட்டது சரியான கேள்வி என்பதை அடுத்த ஆண்டே காலம் மெய்ப்பித்தது. 2009இல் பெருந்தொற்றாக வந்தது எச்5என்1 அன்று. மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் முதலில் தென்பட்ட எச்1என்1, மக்கள் வழக்கில் பன்றிக் காய்ச்சல். செல்வ நாடுகள் முன்கூட்டியே ஒப்பந்தம் செய்திருந்ததால் உற்பத்தியின் பெரும்பங்கு அவற்றுக்கே சென்றது. பிறகு மிஞ்சியதிலிருந்து நன்கொடை வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழியாக 77 நாடுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டோஸ் சென்றன. ஆனால் அவை ஏழை நாடுகளை எட்டத் தொடங்கியபோது 2010 பிறந்துவிட்டது. பல நாடுகளில் தொற்றின் உச்சம் அதற்கு முன்பே கடந்திருந்தது. அந்நோய் பெரும்பாலோருக்கு இலேசாக அமைந்தது அல்லாஹ்வின் கருணை. எச்5என்1இன் கடுமை அதற்கு இருந்திருந்தால் அந்த வரிசையின் கடைசியில் நின்றவர்களின் நிலை என்ன?

2011 மே மாதம், நான்காண்டுப் பேச்சுக்குப் பின், பெருந்தொற்று இன்ஃபுளுவென்சா ஆயத்தநிலைக்கான சட்டகத்தை உலக சுகாதாரப் பேரவை ஏற்றது. மாதிரியைப் பெறும் நிறுவனம் பெருந்தொற்றுக் காலத்தில் தன் உற்பத்தியின் ஒரு பங்கை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்க வேண்டும். கண்காணிப்பு வலையமைப்பின் ஆண்டுச் செலவில் பாதியை நிறுவனங்கள் ஏற்க வேண்டும். மருந்து நிறுவனங்கள் இவ்வாறு கட்டுப்படுவது முன்பு நினைத்தும் பார்க்க முடியாதது. 1890இல் தொடங்கப்பட்டதும் பாண்டுங் நகரில் அமைந்துள்ளதுமான அரசுத் தடுப்பூசி நிறுவனம் பயோ ஃபார்மாவும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு இன்ஃபுளுவென்சா தடுப்பூசி உற்பத்தியைத் தொடங்கியது. பிறரிடம் கையேந்தாதிருக்கும் வழியை அந்நாடு இவ்வாறு தேடியது.

சுபாரி 2009இலேயே பதவி நீங்கியிருந்தார். 2017 ஜூனில் ஜகார்த்தாவின் ஊழல் வழக்கு நீதிமன்றம் அவருக்கு நான்காண்டுச் சிறை விதித்தது. வழக்கு எதைப் பற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்: 2005இல், அசாதாரண நோய்ப்பரவலை எதிர்கொள்ளக் கையிருப்பாக வாங்கிய மருத்துவக் கருவிகளின் கொள்முதல். உலக அரங்கில் நீதி கேட்டவரின் அமைச்சகத்தில் ஆயத்தத்துக்கான பணமே வழக்குக்கு உள்ளானது. 2020 அக்டோபரில் அவர் விடுதலையானார்.

அவர் சிறையிலிருந்தபோதே கொரோனா வந்துவிட்டது. இந்தோனேசியாவின் முதல் இரு நோயாளிகள் 2020 மார்ச் 2 அன்று அறிவிக்கப்பட்டனர். பறவைக் காய்ச்சல் காலத்தில் பெருநாளுக்குக் கோடிக்கணக்கானோர் சொந்த ஊர் திரும்பும் ‘மூடிக்’ பயணத்தை எண்ணி வல்லுநர்கள் அஞ்சியிருந்தனர். இப்போது இரண்டு ஆண்டுகள் அப்பயணமே தடைசெய்யப்பட்டது. தேசியக் குழுவோ அதற்கு நெடுங்காலம் முன்பே கலைக்கப்பட்டிருந்தது. 2011இன் சட்டகம் இன்ஃபுளுவென்சாவுக்கு மட்டுமே உரியது. கொரோனா அதற்குள் அடங்கவில்லை. தடுப்பூசி வரிசை மீண்டும் பழைய ஒழுங்கிலேயே நின்றது.

2024 மார்ச்சில் அமெரிக்காவின் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டறியப்பட்டது. 2025 மே 20 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, எல்லாப் பெருந்தொற்றுகளுக்குமான ஒப்பந்தத்தை ஏற்றது. நோய்க்கிருமி மாதிரியைத் தரும் நாட்டுக்கு அதனால் விளையும் தடுப்பூசியில் என்ன பங்கு, எந்த விதிப்படி என்பதை வரையறுக்கும் இணைப்பு மட்டும் அன்று ஒப்பந்தத்தில் இல்லை. அதைப் பிறகு பேசி முடிக்கலாம் என்று உறுப்பு நாடுகள் ஒத்திவைத்திருந்தன.